இறந்த நட்சத்திரத்தையா பார்க்கிறோம்?

(மாசி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காகச் சற்றுத் திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, இந்த மாதம் நீங்கள் ஏதாவது பேசவேணும், அரசியல் வேண்டாம், அரை மணித்தியாலம் போதும்" என்றார். நான் ஒரு பேச்சாளன் அல்ல. கிழமையில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் நம் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த வகுப்பில் கேட்ட ஒரு கேள்விதான் இன்றைய என் பேச்சு.

மார்கழி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை. பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "மாஸ்ரர், நாங்கள் பார்க்கிற நட்சத்திரங்கள் எல்லாம் எப்பவோ செத்துப்போச்சுதாம். வெளிச்சம் மட்டும்தான் வருகுதாம். செத்துப்போனதை ஏன் பார்க்கிறது?" யார் சொன்னது என்று கேட்டேன். "அப்பா சொன்னவர்" என்றது பிள்ளை. அப்பா இங்கேதான் இருக்கிறார். அவரில் பிழை இல்லை. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவசரத்தில், "பிறகு சொல்லுறன்" என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போயும் மனம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே சாதி. ஆங்கிலத்தில் புளூ சுப்பர்ஜயன்ற் என்பார்கள். தமிழில் நீலப் பெரும்பூதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று இப்போதும் உயிரோடு இருக்கிறது. மற்றது செத்துவிட்டது. அது செத்த செய்தி வந்து சேர்ந்த நாளில் இங்கே இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தோம்.

முதலாவது நட்சத்திரத்தின் பெயர் றைஜெல். வானத்தில் வேட்டைக்காரன் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஓரையன் என்பார்கள். நடுவிலே மூன்று நட்சத்திரம் வரிசையாக, இடுப்புப் பட்டி மாதிரி. அதற்கு மேலே இடப்பக்கத்தில் சிவப்பாகத் தெரிவது நம் திருவாதிரை. மார்கழியில் திருவெம்பாவை பாடுகிற எங்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அந்த மூன்றுக்கும் கீழே வலப்பக்கத்தில், நீலம் கலந்த வெள்ளையாக மின்னுகிறதே, அதுதான் றைஜெல். அரபு மொழியில் கால் என்று பொருள். வேட்டைக்காரனின் கால்.

அது ஏன் நீலமாக இருக்கிறது? ஊரிலே கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள். நல்லது, கனபேர் இருக்கிறீர்கள். துருத்தி ஊத ஊத இரும்பு முதலில் மங்கலான சிவப்பு. பிறகு செம்மஞ்சள். பிறகு மஞ்சள். இன்னும் சூடேறினால் வெள்ளை. சூடு கூடக் கூட நிறம் சிவப்பிலிருந்து நீலப் பக்கம் நகர்கிறது. இரும்பு நீலத்துக்குப் போகுமுன் உருகிவிடும். நட்சத்திரம் வாயு, அது போகும். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை செல்சியஸ். றைஜெலின் மேற்பரப்பு ஏறக்குறைய 12,000 பாகை. திருவாதிரை 3,500 பாகைக்குக் கிட்ட, அதனால்தான் சிவப்பு. வீட்டுக் காஸ் அடுப்பின் நீலச் சுவாலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எரிவாயுவின் இரசாயனத்தால் வருகிற நீலம். வேறு கதை.

அடுத்தது பருமன். சூரியனை ஒரு மிளகு என்று வைத்தால் றைஜெல் ஒரு பெரிய பூசணிக்காய். விட்டத்தில் 70 மடங்குக்கு மேல். ஆனால் திணிவோ ஏறக்குறைய 20 மடங்குதான். அப்படியென்றால் என்ன? அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு கொஞ்சப் பொருள். சராசரியாகப் பார்த்தால் நாங்கள் மூச்சு விடுகிற காற்றை விடவும் ஐதானது. நடு மட்டும்தான் நெருக்கம். வெளியே பஞ்சு மாதிரி.

ஒளியோ சூரியனைப்போல ஒரு இலட்சம் மடங்கு. இங்கேதான் விசயம் இருக்கிறது. நட்சத்திரம் எரிவது என்றால் விறகு எரிவது போல் அல்ல. நடுவிலே ஐதரசன் கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஈலியமாகின்றன. அதில் வருகிற சக்திதான் வெளிச்சம். நட்சத்திரத்தின் பாரம் உள்நோக்கி நசிக்கிறது. உள்ளே பிறக்கிற சூடு வெளிநோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் உயிரோடு இருக்கும். பாரம் கூடிய நட்சத்திரத்துக்கு நடுவில் சூடு கூட. சூடு கொஞ்சம் கூடினாலே எரிகிற வேகம் பல மடங்கு கூடிவிடும்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஒரு மூடை அரிசி. அளவாகச் சமைத்து நெடுநாள் சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் 20 மூடை அரிசி. ஆனால் அவர்கள் ஊர் முழுவதற்கும் தினமும் அன்னதானம் கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் முதலில் அரிசி முடியும்? இருபது மூடை வீட்டில்தான். சூரியனுக்கு ஆயுள் ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டு. இப்போது 460 கோடி ஆண்டு போய்விட்டது, இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். றைஜெல் போன்ற ஒன்றுக்கு ஆயுள் ஒரு கோடி ஆண்டளவுதான். சூரியனோடு பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. றைஜெல் பிறந்தபோது இந்தப் பூமியில் டைனோசர்கள் அழிந்து எத்தனையோ கோடி ஆண்டு ஆகிவிட்டது. வானத்தில் அது ஒரு சின்னப்பிள்ளை. ஆனால் கிழவனாகிவிட்ட சின்னப்பிள்ளை. நடுவிலிருந்த ஐதரசனை அது எரித்து முடித்துவிட்டது.

சரி, அது செத்துவிட்டதா? றைஜெல் இருப்பது ஏறக்குறைய 860 ஒளியாண்டு தூரத்தில். இன்று இரவு நீங்கள் பார்க்கப்போகிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டபோது பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு ஆண்டுகொண்டிருந்தான். கேட்க நீண்ட காலம் போலத்தான் இருக்கும். ஆனால் கோடி ஆண்டுக் கணக்கில் வாழுகிற ஒன்றுக்கு 860 ஆண்டு என்ன? எழுபது வயது மனிதர் ஒருவருக்கு அது இரண்டு நாள் மாதிரி. இரண்டு நாளுக்கு முன் எடுத்த படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தால், அவர் இப்போது இல்லை என்று சொல்லுவீர்களா? வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்கள் பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருப்பவை. அநேகமாக எல்லாமே இன்னமும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே பிள்ளை, உன் கேள்விக்கு முதல் பாதிப் பதில்: இல்லை, அது செத்துப்போகவில்லை. பயப்படாமல் பார்.

இனி இரண்டாவது நட்சத்திரம். இதற்கு நல்ல பெயர் ஒன்று இல்லை. நிக்கலஸ் சண்டுலீக் என்ற வானியலாளர் பெரிய மகலன் முகில் என்னும் அயல் நட்சத்திரக் கூட்டத்தை ஆராய்ந்து 1970 இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதிலே சண்டுலீக் -69 202 என்பது இதன் பெயர். வானத்தில் தெற்கே 69 பாகையில், 202 ஆவது நட்சத்திரம், அவ்வளவுதான். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்கும் ஒரு கோப்பு இலக்கம்தானே பெயர்! அதுபோல. ஏறக்குறைய 16,000 பாகைச் சூடுள்ள நீலப் பெரும்பூதம். றைஜெலை விடச் சிறியது, ஆனால் சூடானது. ரெலஸ்கோப் இல்லாமல் தெரியாது. யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1987 ஆம் ஆண்டு பெப்ரவரி 24. சிலி நாட்டில் லாஸ் கம்பானாஸ் மலையிலே இயன் ஷெல்ரன் என்பவர் அன்றிரவு எடுத்த படத் தகட்டைக் கழுவிப் பார்க்கிறார். முதல்நாள் இல்லாத இடத்தில் ஒரு பெரிய புள்ளி. தகட்டில் பழுதோ என்று சந்தேகம். வெளியே போய்த் தலையை உயர்த்திப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதே மலையில் வேலை செய்த ஒஸ்கார் டுஹால்டே என்பவர் அதற்கு முன்பே வெளியில் நின்றபோது அதைக் கண்டிருந்தார். நியூசிலாந்தில் அல்பேட் ஜோன்ஸ் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற சுப்பர்நோவா ஒன்று 1604 க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 383 ஆண்டு இடைவெளி. ரெலஸ்கோப் கண்டுபிடித்த பிறகு அப்படி ஒன்று வரவே இல்லை.

என்ன நடந்தது? ஐதரசன் முடிந்தால் நட்சத்திரம் ஈலியத்தை எரிக்கும். அது முடிந்தால் காபன். பிறகு நியோன், ஒட்சிசன், சிலிக்கன். ஒவ்வொன்றும் முந்தியதை விட வேகமாக முடியும். ஐதரசன் ஒரு கோடி ஆண்டளவு எரிந்தது. கடைசியில் சிலிக்கன் எரிந்தது சில நாட்கள் மட்டும்தான். சிலிக்கன் எரிந்தால் நடுவில் இரும்புச் சாதி மிஞ்சும். இரும்பைச் சேர்த்து எரித்தால் சக்தி வராது. அடுப்பு அணைந்தது. பாரம் மட்டும் மிச்சம். பூமியளவு பெரிய இரும்பு நடு, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் சுருங்கி விழுந்தது. 20, 25 கிலோமீற்றர் விட்டம் மட்டுமே. ஏறக்குறைய யாழ்ப்பாணத்துக்கும் கொடிகாமத்துக்கும் இடைப்பட்ட தூரம். அதற்குள் சூரியனை விடக் கூடிய திணிவு.

அப்போது பிறந்த சக்தியில் நூற்றுக்கு 99 பங்கு வெளிச்சமாக வரவில்லை. நியூத்திரினோ என்ற மிகச் சிறிய துணிக்கைகளாக வந்தது. இவை எதிலும் முட்டாது. பூமியையே ஊடுருவிப் போய்விடும். எங்கள் கண்ணைப் பறித்த அந்த வெளிச்சம் மிச்சத்தில் ஒரு சிறு பங்குதான்.

யப்பானில் காமியோகா என்ற இடத்தில், சுரங்கத்துக்குள் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில், 3,000 தொன் தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் சுற்றி ஒளி உணரும் குழாய்களைப் பொருத்தி வைத்திருந்தார்கள். 1987 பெப்ரவரி 23, உலக நேரம் காலை 7 மணி 35 நிமிடம். சுமார் 13 விநாடிக்குள் 11 நியூத்திரினோக்கள் அதில் பட்டன. அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் 8. சோவியத் நாட்டில் பக்சான் என்ற இடத்தில் 5. மொத்தம் 24. இந்த 24 ஐ வைத்துத்தான் ஒரு நட்சத்திரத்தின் நடு இடிந்து விழுவதை மனிதன் முதன்முதலாக அறிந்தான். காமியோகாக் குழுவை நடத்திய மசதோஷி கோஷிபாவுக்கு 2002 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு புதினம். நியூத்திரினோ வந்து சுமார் மூன்று மணித்தியாலம் கழித்தே வெளிச்சம் வந்தது. நியூத்திரினோ வெளிச்சத்தை முந்தி ஓடியதென்று நினைக்க வேண்டாம். நடுவில் நடந்த இடி வெளித்தோலுக்கு வந்து சேரும்வரை வெளிச்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. நீல நட்சத்திரம் சிறியது, ஆகவே சில மணித்தியாலம் போதும். திருவாதிரை மாதிரிச் சிவப்புப் பெரும்பூதம் என்றால் ஒரு நாளளவு பிடித்திருக்கும். அதுவரைக்கும் சிவப்புப் பெரும்பூதங்கள்தான் வெடிக்கும் என்று புத்தகங்களில் எழுதியிருந்தது. வெடித்தது நீலம் என்றதும் எல்லோரும் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். இரண்டு நட்சத்திரங்கள் ஏறக்குறைய 20,000 ஆண்டுக்கு முன் ஒன்றாகக் கலந்ததால் அது நீலமாக இருந்தது என்பதுதான் பலர் ஏற்கிற விளக்கம். அப்போது வீசப்பட்ட வாயுதான் இன்றும் அதைச் சுற்றி மூன்று வளையங்களாகத் தெரிகிறது.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். உலக நேரம் 7.35 என்றால் அன்று இலங்கையில் பிற்பகல் 1 மணி 5 நிமிடம். திங்கட்கிழமை. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை போட்டிருந்த காலம். பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருப்பேன். அந்த நேரத்தில் அந்த நியூத்திரினோக்கள் தெற்குத் தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து, நிலத்துக்குள்ளால் சரிவாக வந்து, என் உடம்பினூடாகப் போயின. ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஆயிரம் கோடிக் கணக்கில். எனக்கு மட்டுமல்ல. தலைவர் அவர்களே, உங்களுக்கும். அந்த நாளில் சமையலறையில் நின்ற அம்மாவுக்கும், காவலில் நின்ற சிப்பாய்க்கும், சந்தையில் நின்ற சிங்களப் பெண்ணுக்கும், இந்த ஊரில் பால் கொண்டுவந்து கொடுத்தவனுக்கும். ஒருவரிடமும் பாஸ்போட் கேட்கவில்லை. ஒருவருக்கும் நோகவும் இல்லை. அன்றைக்குப் பிறக்காத பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. நீங்கள் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்!

அந்தக் கிழமை சிவராத்திரியும் வந்தது. நிலவில்லாத இரவு. கரண்டும் இல்லை. முற்றத்தில் பாய் போட்டு அம்மாவோடு நித்திரை முழித்துக்கொண்டிருந்தோம். அந்த நட்சத்திரம் முன்னிரவில் எங்கள் தெற்கு வானத்தில் தொடுவானத்துக்குச் சற்று மேலே, மிகமிக மங்கலாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் வானத்தைப் பார்க்காமல் இல்லை. பார்த்தனாங்கள். ஹெலி வருகுதோ என்றுதான் பார்த்தனாங்கள்.

இதை நான் பல ஆண்டுக்குப் பிறகு இங்கே நூல்நிலையத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். திகதியைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

அந்த நட்சத்திரம் இருந்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில். ஆகவே அது உண்மையில் செத்தது அவ்வளவு ஆண்டுகளுக்கு முன். 1987 பெப்ரவரி 22 அன்று அதைப் பார்த்தவர்கள், இல்லாத ஒன்றைத்தான் பார்த்தார்கள். பிள்ளை, உன் அப்பா சொன்னது இந்த நட்சத்திரத்துக்குச் சரி. அப்படியென்றால் அதைப் பார்த்தது வீணா?

1995 ஐப்பசி இடப்பெயர்வுக்குப் பிறகு என் அம்மா சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினா. "நான் சுகமாக இருக்கிறன், நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று. அந்தக் கடிதம் கைமாறிக் கைமாறி எனக்கு வந்து சேர நான்கு மாதம் ஆனது. அது வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்துவிட்டது, அம்மா இல்லை என்று. ஆள் போன பிறகு வந்த கடிதம். அது பொய்க் கடிதமா? இல்லை. எழுதிய அன்றைக்கு அம்மா சுகமாகத்தான் இருந்தா. அந்த ஒரு நாளைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரேயொரு சாட்சி அதுதான். இன்றும் என்னிடம் இருக்கிறது.

வெளிச்சமும் அப்படித்தான். அது பொய் சொல்லாது. பழைய உண்மையைச் சொல்லும். ஒன்றை மட்டும் நாங்கள் மறக்கக்கூடாது: அது புறப்பட்ட நாளின் செய்தி, இன்றைய செய்தியல்ல. எங்களில் கனபேருக்கு ஊர் என்றால், வெளிக்கிட்ட நாளில் கண்ட ஊர்தான். அதே ஒழுங்கை, அதே மதில், அதே முகங்கள். அது பொய்யில்லை. ஆனால் இன்று அங்கே இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாத ஊர். அங்கே உள்ளவர்களிடம் இப்போது எப்படி என்று கேட்டுத்தான் நாங்கள் அறிய வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்லவில்லை, முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

செத்த நட்சத்திரம் வேறொன்றும் செய்தது. அது வெடித்தபோது உண்டான கதிர்வீசும் நிக்கல், கோபாற்றாகி, பிறகு இரும்பானது. பூமியின் திணிவைப் போல ஏறக்குறைய 20,000 மடங்கு இரும்பு. அது இனி விண்வெளியில் பரந்து, எப்போதோ ஒரு காலத்தில் வேறு உலகங்களோடு சேரும். எங்கள் இரத்தத்தில் ஓடுகிற இரும்பும், மூச்சிழுக்கிற ஒட்சிசனும் சூரியன் பிறக்க முன்பே செத்த நட்சத்திரங்களில் உண்டானவைதான். நடுவில் சுருங்கி விழுந்த அந்த உருண்டையைப் பல ஆண்டாகத் தேடினார்கள். தூசி மறைத்திருந்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியால் பார்த்து, அது அங்கே இருப்பதற்கான வலுவான அடையாளம் கிடைத்ததென்று 2024 இல் வெளியிட்டார்கள். 37 ஆண்டு விடாமல் தேடியிருக்கிறார்கள். செத்ததைப் பார்ப்பது வீண் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆகவே பிள்ளை, மிச்சப் பாதிப் பதில்: உயிரோடு இருப்பதையும் பார், செத்துப்போனதையும் பார். எது எது என்று கேட்டறிந்துகொள்.

தேநீரும் வடையும் தயார் என்று அக்கா கையைக் காட்டுகிறா. குடித்துவிட்டு எல்லோரும் கார் நிற்கிற பக்கம் வாருங்கள். தெற்கே பாருங்கள், முகில் இல்லை. பிள்ளைகளுக்கு மூன்று நட்சத்திரத்தைக் காட்டுங்கள். மேலே சிவப்பு திருவாதிரை. கீழே நீலம் றைஜெல். இந்த முறை ஹெலிக்காக இல்லாமல், சும்மா பார்ப்போம்.



(பிற்குறிப்பு: இந்த மலர் உங்கள் கைக்கு வரும் சித்திரையில் வேட்டைக்காரன் மேற்கே சாய்ந்துவிடுவான். புத்தாண்டு விழா முடிந்து வெளியே வரும்போது, இரவு 9 மணியளவில், மேற்குப் பக்கத்துக் கூரைகளுக்குச் சற்று மேலே தேடுங்கள். 10 மணிக்கு மறைந்துவிடும். அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.)